பதினேழு பேருடன் ஒரு வீடு

1958 ஏப்ரல் 7: முன்பணம், 1,000 வெள்ளி.
1958 ஜூன் 2: மீதி, 8,500 வெள்ளி.
1958 ஜூலை 1: வாடகை வரவு, 28 வெள்ளி.
1960 மே 3: வாடகை வரவு, 20 வெள்ளி.
1962 ஜனவரி 1: வாடகை செலவு, 45 வெள்ளி.

மேலே உள்ள ஐந்து வரிகளும் ஒரே மனிதருடையவை. ஒரே வீட்டைப் பற்றியவை.

சிங்கப்பூரில் பலவகை மனிதர்கள் உண்டு. அவர்களில், ஆள் குடியிருக்கும் வீட்டை வாங்குகிறவர் ஒரு தனி வகை. காலி வீடு இவருக்குக் கட்டுப்படியாகாது. ஆள் உள்ள வீடு பாதி விலைக்குக் கிடைக்கும். ஏன் பாதி விலை என்று இவர் கேட்கமாட்டார்; கேட்டால் வாங்க முடியாதல்லவா? போருக்கு முந்திய வாடகையைக் கூட்டவும் கூடாது, குடியிருப்பவரை எழுப்பவும் கூடாது என்று சட்டம் இருப்பது இவருக்கும் தெரியும். ஆனால் அது பேசத் தெரியாத வீட்டுக்காரர்களுக்காகப் போட்ட சட்டம் என்பது இவருடைய முடிவு.

"நல்ல விதமாக் கதைச்சால் மூண்டு மாசத்தில எழும்பிப் போவினம்" என்றார் கந்தப்பு.

கந்தப்பு அரசாங்க அலுவலகம் ஒன்றில் தலைமைக் குமாஸ்தா; சிங்கப்பூர் வழக்கில் கிராணி. மனைவி யோகத்துடன் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இருந்தார். 1961 டிசம்பர் 31-இல் ஓய்வு. அன்றே குவார்ட்டர்ஸ் சாவியையும் ஒப்படைத்துவிட வேண்டும். அதற்குள் சொந்த வீட்டில் குடியேறாவிட்டால் இருவரும் தெருவில். ஆகவே ஓவன் ரோட்டில் ஒரு மாடி வீடு வாங்கினார். அதில் பதினேழு பேர் இருந்தார்கள்.

பதினேழு பேருக்கும் தலைவர் மருதப்பன், தஞ்சோங் பகார் துறைமுகத்தில் லாரி ஓட்டுபவர். முழு வீட்டையும் மாதம் இருபத்தெட்டு வெள்ளிக்கு எடுத்து, அறை அறையாக உள்வாடகைக்கு விட்டு, வீட்டுக்காரருக்குக் கொடுப்பதைப்போல் மூன்று மடங்கு வாங்கிக்கொண்டிருந்தார்.

இந்த வகை மனிதரை ஞாயிற்றுக்கிழமைகளில் எளிதாக அடையாளம் காணலாம். சொந்த வீட்டுக்கு எதிரே, அடுத்தவர் கடை வாசலில், குடையை ஊன்றிக்கொண்டு நிற்பார். மூங்கில் கழிகளில் காயும் துணிகளை எண்ணுவார். போன வாரத்தைவிட ஒரு சட்டை குறைந்திருந்தால் முகம் மலரும், ஒரு குழந்தைத் துணி கூடியிருந்தால் வாடும். பிறகு உள்ளே போய், உலகத்திலேயே அன்பான வீட்டுக்காரராக மாறிவிடுவார்.

"மருதப்பன், ஊரில இருந்து கடிதம் வந்ததோ? அம்மா தனிய இருக்கிறாவோ? வாற வியாழன் நாகப்பட்டினத்துக்குக் கப்பல் இருக்குது."

"அம்மா செத்துப் பத்து வருசமாச்சுங்க ஐயா."

"அப்ப திவசத்துக்குப் போக வேண்டாமோ?"

மாடியில் பின் அறை மங்களத்துக்கு. மசாலா அரைத்து விற்பவர். மருதப்பனுக்கு மாதம் இருபது வெள்ளி கொடுப்பவர். அவரிடம் கந்தப்பு குவீன்ஸ்டவுனின் பெருமையைப் பாடினார். "புது வீடுகள் கட்டுகினம். தண்ணி, வெளிச்சம், காத்து, ஒண்டுக்கும் குறைவில்லை."

"அம்புட்டு நல்லா இருந்தா நீங்களே போயி இருக்கலாமே ஐயா?"

மூன்று மாதம் போயிற்று; இரண்டு வருடமும் போயிற்று. துணிகள் மட்டும் கூடின. கடைசியில் கந்தப்பு வக்கீலிடம் போனார்.

"வழி இருக்கு" என்றார் வக்கீல். "உங்களைக் கேட்காம மருதப்பன் உள்வாடகைக்கு விட்டிருக்கார். அது போதும், வழக்குப் போடலாம். ஒன்னே ஒன்னு: உள்ளே இருக்கிறவங்க யார்கிட்டயும் வாடகைன்னு ஒரு காசு வாங்கிடாதீங்க."

வெற்றி கைக்கு எட்டிவிட்டது. வழக்குத் தாள்கள் தயாராகிக்கொண்டிருந்தன. மே 3 அன்று மங்களம் குவார்ட்டர்ஸுக்கு வந்தார்.

"மருதப்பண்ணன் ஜொகூருக்குப் போயிட்டாரு. கையில காசு நின்னா செலவாயிடும் ஐயா. நீங்களே வச்சிக்கிடுங்க." மேசைமேல் இரண்டு பத்து வெள்ளி நோட்டுகளை வைத்துவிட்டுத் திரும்பினார்.

வக்கீல் சொன்னது கந்தப்புவுக்கு மறக்கவில்லை. "நில்லுங்கோ!" என்று கூவினார். எதற்கு? பணத்தைத் திருப்பிக் கொடுக்கவா? இல்லை, ரசீது எழுத! முப்பத்து நான்கு வருட உத்தியோகத்தில் ரசீது இல்லாமல் ஒரு காசுகூட அவர் மேசையைத் தொட்டதில்லை. பெயர், அறை, மாதம், தொகை எண்ணிலும் எழுத்திலும், வருவாய் முத்திரை, அதன்மேல் குறுக்கே கையெழுத்து, கீழே 'வீட்டு உரிமையாளர்'. கார்பன் நகலைத் தாமே கொண்டுபோய் வக்கீலிடம் கொடுத்தார், கோப்பில் சேர்க்க.

வக்கீல் நகலை ஒரு வரி விடாமல் படித்தார். "மருதப்பனோட வக்கீல்கூட இவ்வளவு அழகா எழுதியிருக்கமாட்டார் ஐயா. உள்வாடகையை நீங்களே ஒப்புக்கிட்டீங்க. இனி வழக்கு இல்ல."

யோகம் சுருக்கமாகச் சொன்னார்: "இருபது வெள்ளிக்கு வீட்டைக் குடுத்துப்போட்டு வந்து நிக்கிறியள்."

1961 டிசம்பரும் வந்தது. நகரத்தில் கேட்ட இடமெல்லாம், வாடகைக்கு முன்பே, சாவிப்பணமாக ஆயிரம், இரண்டாயிரம் என்றார்கள். சேமிப்பெல்லாம் ஓவன் ரோட்டுச் சுவர்களுக்குள் இருந்தது. அப்போது கைகொடுத்தவர் மருதப்பன்.

"கிராணி ஐயா, கீழ முன் அறை காலியாவுது லா. வெளியாளுன்னா அம்பது. நீங்க நம்ம வீட்டுக்காரர், நாப்பத்தஞ்சு குடுங்க."

"ஆற்ற வீட்டில ஆர் ஆருக்கு வாடகை குடுக்கிறது?" என்றார் கந்தப்பு.

"இஞ்சருங்கோ, சாமானைக் கட்டுங்கோ" என்றார் யோகம்.

ஜனவரி முதல் தேதி. மருதப்பன் தர வேண்டியது இருபத்தெட்டு. கந்தப்பு தர வேண்டியது நாற்பத்தைந்து. "கழிச்சுக்கிட்டுப் பதினேழு குடுங்க, முடிஞ்சுது" என்றார் மருதப்பன். கந்தப்பு பதறிவிட்டார். வரவு வேறு, செலவு வேறு அல்லவா? இருபத்தெட்டை வாங்கி ரசீது கொடுத்தார். நாற்பத்தைந்தை எண்ணிக் கொடுத்து ரசீது கேட்டார். மருதப்பனுக்கு எழுத வராது. ஆகவே தமக்குத் தாமே ரசீது எழுதி, மருதப்பனின் பெருவிரலைப் பிடித்து மையில் தோய்த்துத் தாளில் ஒற்றினார். மை காய ஊதும்போதுதான் உறைத்தது: இந்தத் தாளைக் கையில் வைத்திருக்கும் கந்தப்புவை, இந்த வீட்டின் எந்த உரிமையாளரும் வெளியே அனுப்ப முடியாது.

ஒரு வாரத்தில் செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்தார்: 'ஓவன் ரோடு, மாடி வீடு, ஆட்களுடன் விற்பனைக்கு.'

வாசகரே, சிரிக்கிறீர்கள். அந்த மனிதருக்குப் பேசத் தெரியவில்லை, நானாக இருந்தால் வேறு விதமாகப் பேசியிருப்பேன் என்று ஒரு நினைப்பு உள்ளே ஓடுகிறதா? அப்படியானால் மேலே படிக்காமல் நிறுத்திவிடுவது நல்லது. விளம்பரத்துக்குப் பதில் எழுதிய ஒருவரும் அப்படித்தான் நினைத்தார். 'உள்ளே இருப்பவர்கள் நல்லவர்களா?' என்று கேட்டிருந்தார். கந்தப்பு பொய் சொல்லவில்லை. 'மிக நல்லவர்கள். கீழ் முன் அறையில் ஓய்வுபெற்ற கிராணியும் மனைவியும். வாடகை முதல் தேதி தவறாது' என்று பதில் எழுதினார்.

'அப்படியானால் கவலையில்லை, வாங்கிக்கொள்கிறேன். கிராணியிடம் முதலில் பேசுகிறேன்' என்று வந்த கடைசிக் கடிதத்தின் கையெழுத்து யாருடையது என்று நான் சொல்லப்போவதில்லை. உங்களுடையதாக இருக்காது என்றே நம்புகிறேன். அது வந்து சேர்ந்தது 1962 மார்ச் 14, புதன்கிழமை.