வேதாச்சலம் போட்ட எல்லை

"இன்னாண்ணா, லீவு இன்னும் முடியலியா?"

பக்கத்து வீட்டு ஏகாம்பரம் அந்த வாரத்தில் இப்படிக் கேட்பது நாலாவது முறை. சொந்த மாட்டுக்குத் தண்ணீர் காட்டினோமா என்பது அவனுக்கு நினைவிருக்காது. அடுத்தவன் லீவுக் கணக்கு மட்டும் விரல் நுனியில் இருக்கும்.

வேதாச்சலத்துக்கு லீவே கிடையாது. பட்டாளத்தில் ஆள்குறைப்பு என்று சொல்லி, பதினேழு வருஷம் கிடங்கில் கம்பளி அடுக்கியவரை ஒரு காகிதம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதை அவர் மனைவி கன்னியம்மாளிடம்கூடச் சொல்லவில்லை. அவளிடம் சொல்வதும் நகரிச் சந்தையில் நின்று கூவுவதும் ஒன்று. மகள் செல்வியை நாராயணவனத்து நாகபூஷணம் கேட்டு வந்ததே, தன் பையனும் மிலிட்டரி, பெண்ணின் அப்பாவும் மிலிட்டரி என்ற ஒரே பெருமைக்காகத்தான். தாலி ஏறுகிற வரைக்கும் காகிதம் டிரங்குப் பெட்டியின் அடியில் கிடக்கட்டும் என்றிருந்தார்.

"லீவை நீட்டிச்சுக் குட்த்துட்டாங்கப்பா."

"மூணு மாசமா? எங்க மச்சான் மூணு நாள் லேட்டா போனதுக்கே புட்ச்சி உள்ள வச்சிட்டாங்களே!"

வேதாச்சலம் குரலைத் தாழ்த்தினார். "இது... டூட்டி. ரகசியம். வெளியில சொல்லாத."

ஏகாம்பரம் வெளியில் சொல்லவில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் உள்ளே போய்ச் சொன்னான்.

ஆந்திர ராஜ்யம் பிரிந்து வந்த புதிது. நகரி யாருக்கு, புத்தூர் யாருக்கு என்று டீக்கடைக்கு டீக்கடை எல்லைக்கோடு இழுத்துக்கொண்டிருந்த நேரம். மிலிட்டரிக்காரர் ரகசியமாக ஊரில் வந்து உட்கார்ந்திருக்கிறார் என்றால் வேறு எதற்கு? கோடு போடத்தான்.

மறுநாளே ரங்கையா ஒரு கூடை மாம்பழத்தோடு வந்தார். "அண்ணா, மா சேனு ஆந்திராலோனே உண்டாலி. எங்க கொல்லி ஆந்திராவுலயே இருக்கணும், கோடு அதுக்கு அந்தாண்ட போவட்டும்."

மத்தியானம் பச்சையப்பன் கோழியோடு வந்தான். "என் கொல்லி மெட்ராஸ்லதான் இருக்கணும்ணா."

இரண்டு கொல்லைக்கும் நடுவில் ஒரே ஒரு வரப்பு.

வீட்டில் இருந்தால் ஆள் வருகிறது என்று, வேதாச்சலம் விடிந்ததும் காக்கியை மாட்டிக்கொண்டு, நோட்டும் பென்சிலுமாக மலையடிவாரத்துக்குப் போய் உட்கார ஆரம்பித்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. பட்டாளத்தில்கூட அவர் இப்படி உழைத்ததில்லை. அவர் அலுத்துப்போய் உட்கார்ந்த கல்லுக்கெல்லாம் ஊர்ச் சனம் பின்னாலேயே வந்து, எல்லைக்கல் என்று சுண்ணாம்பு அடித்து வைத்தது.

நிச்சயதார்த்தத்தன்று நாகபூஷணம் தாம்பூலத் தட்டைத் தொடவில்லை.

"இன்னா சம்பந்தி இப்டி பண்ணிட்டீங்க? உங்க சுண்ணாம்புக் கல்லு எங்க ஊருக்கும் உங்க ஊருக்கும் நடுவுல நிக்குது. பொண்ணு ஒரு ராஜ்யம், மாப்ள ஒரு ராஜ்யமா? கோட்டைத் தள்ளிப் போடுங்க. இல்லன்னா தட்டு மாத்த மாட்டோம்."

"என் கையில இன்னா கீது சம்பந்தி?"

"ரங்கையாகிட்ட மாம்பழம் வாங்கித் துன்னுட்டுத் தள்றீங்க. எனக்குத் தள்ள மாட்டீங்களா?"

கதவுக்குப் பின்னால் செல்வி மூக்கை உறிஞ்சுவது கேட்டது. வேதாச்சலத்துக்குச் சட்டென்று எல்லாம் அலுத்துவிட்டது. உள்ளே போய்ப் பெட்டியைக் குடைந்து, காகிதத்தைக் கொண்டுவந்து வெற்றிலைமேல் வைத்தார்.

"கோடும் இல்ல, டூட்டியும் இல்ல. ஆளைக் கொறச்சாங்க, என்னையும் அனுப்பிட்டாங்க. இதான் அந்தக் காயிதம். இனிமே உங்க இஷ்டம்."

கன்னியம்மாளின் வாய் திறந்தபடியே நின்றது. வாழ்க்கையில் முதல் தடவையாக அதிலிருந்து சத்தம் வரவில்லை.

நாகபூஷணத்துக்கு இங்கிலீஷ் தெரியாது. காகிதத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார். அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்த மனைவி யசோதா, ஊதா முத்திரையைக் கண்டதும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஐயோ, தப்பா சொல்றீங்கண்ணா, இது பிரமோசன் காயிதம்! எங்க பையன் லீவுல வந்தப்போ அச்சு அசல் இதே மாதிரி ஒண்ணு கொணாந்தான். சாமி படத்தாண்ட வச்சி நாலு மாசமா தெனம் பூ போட்டுக்கினு கீறேன்!"