மருந்துக்கு ஒரு வித்தியாசம்

பின்னறையை மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை என்று முடிவு செய்தேன். கூடத்தை விட்டாயிற்று. கராஜை விட்டாயிற்று. டிவி ரிமோட்டைக் கையில் பிடித்தே வருஷக்கணக்காகிறது. ஆனால் பின்னறையில்தான் என் மேசை இருக்கிறது. எல்க் மான் வேட்டைக்கு வேண்டிய தோட்டாக்களை அதன் முன் உட்கார்ந்துதான் நானே தயாரிக்கிறேன். வேட்டைக்குப் பேர்போன மொன்டானாவில் ஓர் ஆண்பிள்ளைக்கு அதுவும் இல்லையென்றால் எப்படி?

என் மனைவி மார்லிஸ் போர்வை தைக்கும் மெஷின் ஒன்று வாங்கியிருந்தாள். படகு நீளம். அதை நிறுத்தப் பின்னறைதான் வேண்டுமாம்.

"இன்னும் ஒப்பிட்டு முடிக்கல," என்றேன்.

"எதை?"

அலமாரியைக் காட்டினேன். இரண்டு டப்பா வெடிமருந்து. இரண்டும் புகையில்லா மருந்து. எங்கள் வீட்டில் புகைவது மார்லிஸ் மட்டும்தான்.

"ரெண்டும் இடிச்ச மிளகு மாதிரி இருக்கு. ஒண்ணுதானே?"

"ஒண்ணா? எரியற வேகம் கிட்டத்தட்ட ஒண்ணு. குணம் வேற. இதுக்குச் சொன்ன அளவை அதுக்குப் போட்டா நான் இருக்க மாட்டேன்."

"ரூம் காலியாயிடும்."

"விளையாடாதே. ஒண்ணு குளிர் வந்தா சோம்பிடும். இன்னொண்ணு எப்பவும் ஒரே மாதிரி சுறுசுறுப்பு."

"எனக்கு முதல் வகைதான் வாய்ச்சுது. எத்தனை வருஷமா ஒப்பிடறே, டுவேன்?"

"இதுல அவசரம் கூடாது."

"ரெண்டு மருந்து வாங்கியும் வியாதி தீரலியே."

பக்கத்து வீட்டு லைல் எங்கள் காபியைக் குடித்துக்கொண்டிருந்தான். அது அவன் மூக்கு வழியாக வந்தது.

மார்லிஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்து பேசினால் நான் எதையோ இழக்கப்போகிறேன் என்று அர்த்தம்.

"ஒவ்வொரு மருந்துலயும் இருபது தோட்டா செஞ்சு குடு. எது எதுன்னு உனக்குத் தெரியாம, சிவப்புப் பெட்டியில பத்து, நீலப் பெட்டியில பத்து வெச்சுத் தரேன். சுட்டுப் பாத்துட்டு வித்தியாசத்தைச் சொல்லு. சரியாச் சொன்னா ரூம் உனக்கு. இல்லேன்னா மெஷினுக்கு."

"மீதி இருபது?"

"சந்தேகம் வந்தா மறுபடி சுட்டுக்கோ. லைல் சாட்சி."

மனசுக்குள் குதித்தேன். அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து, அதற்குரிய அளவில் போட்டு முடித்து, அதைத் திரும்ப வைத்த பிறகுதான் அடுத்ததைத் தொட்டேன். இந்த ஒழுக்கத்தை வேறு எந்த வேலையிலும் என்னிடம் பார்க்க முடியாது. தோட்டாக்களை வகை பிரித்து மார்லிஸிடம் கொடுத்தேன்.

சனிக்கிழமை சுடும் மைதானத்துக்குப் போனோம். முதலில் சிவப்பு. துப்பாக்கி உதைத்தது தோளில் தாய் தட்டிக்கொடுத்தது போல இருந்தது. குறி அட்டையில் துளைகள் எல்லாம் ஒரு பிஸ்கட் அளவுக்குள் அடங்கின. பிறகு நீலம். தோள் கழன்றது. துளைகள் அட்டை முழுக்க மேயப் போயிருந்தன.

"பாத்தியா? சிவப்பு பட்டு. நீலம் கழுதை."

"கழுதையேதான்," என்றான் லைல். அவன் நான் சுடும்போது பாதி நேரம் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வீடு திரும்பும் வழியெல்லாம் அவனுக்குப் பாடம் நடத்தினேன். எரியும் வேகம், குளிர், ஈரப்பதம், குழலின் அதிர்வு. பாவம், வண்டி ஓடிக்கொண்டிருந்ததால் அவனால் இறங்க முடியவில்லை.

மார்லிஸ் அடுப்பிலிருந்து ஆப்பிள் பை எடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு அட்டைகளையும் அவள் முன்னால் விரித்தேன்.

"தூக்கத்துல கேட்டாக்கூடச் சொல்வேன். ரெண்டும் வேற வேற."

"நிச்சயமா?"

"பந்தயம் கட்டட்டுமா?"

"ஏற்கெனவே கட்டிட்டே."

சமையலறை மேசை இழுப்பறையைத் திறந்தாள். இரண்டாவது மருந்தில் நான் செய்த இருபது தோட்டாவும் அடுக்கியபடியே இருந்தன. ஒன்றுகூடக் குறையவில்லை.

"ரெண்டு பெட்டியிலயும் ஒரே மருந்தைத்தான் வெச்சேன், டுவேன். வித்தியாசம் மருந்துக்குக்கூட இல்ல."

"காத்து மாறியிருக்கும்," என்றேன்.

"அப்போ கழுதை காத்துலதான் வந்துதா?"

சாட்சியைப் பார்த்தேன். சாட்சி ஆப்பிள் பையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் பின்னறைக்குப் பெயின்ட் அடிக்கும் வேலையும் எனக்கே வந்தது. மார்லிஸ் இரண்டு டப்பா மஞ்சளை வைத்துவிட்டு, எது நன்றாக இருக்கும், பார்த்துச் சொல் என்றாள். பட்டுத் தெளிந்தவன் நான். "ரெண்டும் ஒண்ணுதான்," என்று சொல்லி, கையில் கிடைத்ததை எடுத்து அடித்து முடித்தேன். மார்லிஸ் சுவரைப் பார்த்துவிட்டு, "ஒண்ணா? நல்லாயிருக்கிற மஞ்சள் இன்னொண்ணு," என்றாள்.

இப்போது இரண்டாவது டப்பாவை அடித்துக்கொண்டிருக்கிறேன்.