மாப்ள நட்ட புல்லும் சத்யப்ரியா நிச்சயமும்

டி. கல்லுப்பட்டி மாப்ள சிவக்குமாருக்கு, விளாங்குடியிலிருந்து உன் அக்கா வீட்டுக்காரர் கருத்தக்கண்ணன் எழுதுவது. நாங்கள் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். உன்னை யார் என்ன செய்துவிட முடியும்? உன் நம்பரை நான் பிளாக் செய்து வைத்திருப்பதால் இந்தக் கடிதம்.

அடுத்த ஞாயிறு என் மகள் சத்யப்ரியாவுக்கு வீட்டில் நிச்சயம். தகவலுக்காக எழுதுகிறேன், அழைப்பு என்று நினைத்துவிடாதே. உன் மகன் காதுகுத்து ஃப்ளெக்ஸில் என் படத்தை ஜெனரேட்டர்காரர் படத்துக்குக் கீழே போட்டதை நான் மறக்கவில்லை. உன் மருமகளோ, "தாய்மாமா வந்து மாலை போடாம நான் சபையில உக்கார மாட்டேம்ப்பா" என்கிறாள்.

இதில் உன் புல் வேறு. கிரகப்பிரவேசத்துக்கு எல்லாரும் குத்துவிளக்கு கொண்டுவர, நீ மட்டும் கேட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக நட்டாயே அழகுப் புல், அது என் தலைக்கு மேல் வளர்ந்து, காய்ந்து, கேட்டையே மறைத்துக்கொண்டு நிற்கிறது. உன் மேல் உள்ள கோபத்தில் இதுவரை நான் தொடவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்களே என்று நேற்று பனியனும் கைலியுமாக அரிவாளோடு போனேன். புல்லா அது? பிளேடு. கையெல்லாம் கீறல். பிறகு செல்போனில் படித்துப் பார்த்து, முழுக்கைச் சட்டை, கையுறை, கண்ணாடி எல்லாம் மாட்டிக்கொண்டு, பூச்சி பொட்டு இருந்தால் ஓடட்டும் என்று கம்பால் தட்டினேன். ஓர் ஓணான் மட்டும் உன்னைப் போலவே தலையை ஆட்டிவிட்டுப் போனது. புல்லை நடுவில் இறுக்கிக் கட்டிவிட்டுத்தான் வெட்ட வேண்டுமாம், அப்போதுதான் சிதறாதாம். நான் புதரை இரண்டு கையாலும் அணைத்துப் பிடிக்க, உன் அக்கா கயிற்றோடு சுற்றிச் சுற்றி வந்தாள். முடிச்சுப் போட்ட பிறகுதான் தெரிந்தது, என்னையும் சேர்த்துக் கட்டியிருக்கிறாள்.

"ஏய் செல்லத்தாயி, அவுத்து விடுடி!"

"எந்தம்பியக் கூப்பிடுறேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, அவுக்குறேன்."

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுப் பேச்சிமுத்து பைக்கை நிறுத்தினார். "என்னண்ணே, மச்சினன் குடுத்த புல்லு மேல இம்புட்டுப் பாசமா? கட்டிப்பிடிச்சுக்கிட்டு நிக்கிறீக!"

உன் அக்காவிடம் யோசிக்கிறேன் என்றேன். அவிழ்த்தாள். தரையிலிருந்து ஒரு சாண் விட்டு அறுத்தேன். ஒரே கட்டாகச் சாய்ந்தது. உள்ளே பார்த்தால், காய்ந்த தாள்களுக்கு நடுவே பச்சைப் பசேலென்று முளைகள். இத்தனை நாளும் வெயில் படாமல் காத்துக் கிடந்திருக்கின்றன. பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. அதை உன்னிடம் சொல்ல வேண்டிய அவசியமில்லை.

ஆக, புல் வேலை முடிந்தது. உன் தயவு தேவைப்படவில்லை. காதுகுத்துக் கோபமும் அப்படியே இருக்கிறது. உன் மனைவிக்கும் மகனுக்கும் என் ஆசிகள். உனக்கென்று தனியாக ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
கருத்தக்கண்ணன்

பின்குறிப்பு: நிச்சய ஃப்ளெக்ஸில் உன் படத்தை மேலே, என் படத்துக்குச் சமமாகப் போடச் சொல்லியிருக்கிறேன். உன் நம்பரைத் திறந்துவிட்டேன். கூலிங் கிளாஸ் இல்லாத படம் ஒன்று அனுப்பு. வெட்டி முடித்தது ஒரு புதர்தான். அந்தப் பக்கத்துப் புதர் அப்படியே நிற்கிறது. உன் அக்கா கையில் இனி நான் கயிறு கொடுப்பதாக இல்லை. சனிக்கிழமை காலையிலேயே முழுக்கைச் சட்டையோடு வந்துவிடு மாப்ள. நீ கட்டிப்பிடி, நான் கயிறு சுற்றுகிறேன்.