சிவப்புக் காரும் நீலக் காரும் ஓர் எட்டாத காலும்

வேகப்புலி அன்று காலை பல் தேய்த்துக்கொண்டே ஒரு சபதம் எடுத்தார். பொண்டாட்டியின் வாயிலிருந்து, பொண்டாட்டிக்கே தெரியாமல், பத்திரிகையில் இரண்டு பக்கம் வருகிற அளவுக்கு விஷயத்தைக் கறந்துவிடுவது என்று. சபதம் எடுத்த வேகத்தில் பற்பசையைக் கொஞ்சம் விழுங்கியும் விட்டார்.

வேகப்புலி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. கார் பத்திரிகையில் அவர் எழுதும் பக்கத்தின் உச்சியில் அச்சாகும் பெயர். அதைப் பார்த்து ஏதோ பாயும் புலியைக் கற்பனை செய்துகொண்டு வரும் வாசகர்கள் நேரில் பார்த்ததும் சற்றுக் குழம்புவார்கள். ஆள் கொடிக்கம்பம் மாதிரி நெடுநெடுவென்று இருப்பார். அவர் தலை இடிக்காத நிலைப்படி ஊரிலேயே கிடையாது. வீட்டில் அவருக்கு இருந்த ஒரே உத்தியோகம் பரணில் இருப்பதை இறக்குவது. இறக்கியது தப்பான பெட்டி என்று தெரிந்ததும் திரும்ப ஏற்றுவது.

பத்திரிகையில் கதையே வேறு. ஒன்றுக்கொன்று போட்டியான இரண்டு பந்தயக் கார்களை ஓட்டிப் பார்த்து, எது உசத்தி என்று தீர்ப்புச் சொல்வது அவர் வேலை. என்ஜின் உறுமுவதைப் பற்றி ஒரு பக்கம் எழுதுவார். வளைவில் டயர் முனகுவதைப் பற்றி இன்னொரு பக்கம் எழுதுவார். அந்தப் பக்கங்களுக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது.

முந்தின நாள் பத்திரிகை ஆசிரியரம்மா அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"புலி, இந்த மாசம் சிவப்புக் காரும் நீலக் காரும். ரெண்டும் வாசல்ல நிக்குது. ரெண்டும் ஒரே வேகம், ஒரே விலை. வேகத்தைப் பத்தி எல்லாரும் எழுதித் தீர்த்துட்டாங்க. நமக்கு உள்பக்கம் வேணும்."

"உள்பக்கம்னா... என்ஜினுக்கு உள்ளயா மேடம்?"

"மனுஷன் உட்கார்ற இடம்யா! சீட்டு, தையல், பொத்தான், கைப்பிடி. போன இதழ்ல உள்பக்கத்தைப் பத்தி நீங்க என்ன எழுதினீங்க, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு மேடம். 'சீட் உள்ளது'ன்னு எழுதினேன்."

"அவ்வளவுதான் எழுதினீங்க. வாசகருங்க கடுப்புல இருக்காங்க. இந்தத் தடவையும் இப்படின்னா, அந்தப் பக்கம் போட்டோ எடுக்கிறவருக்குப் போயிடும். அவராவது கண்ணைத் திறந்து பார்க்கிறார்."

புலி எழுந்தார். நேராக வாசலுக்குப் போய்ச் சிவப்புக் காரில் ஏறி உட்கார்ந்தார். முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. சுற்றிலும் பார்த்தார். சீட் கறுப்பாக இருந்தது. இறங்கி நீலக் காரில் ஏறினார். அதிலும் முழங்கால் இடித்தது. அதிலும் சீட் கறுப்பாகத்தான் இருந்தது. ஆக ஒப்பீடு முடிந்துவிட்டது. மீதி இரண்டு பக்கத்தை எதைக் கொண்டு நிரப்புவது?

அப்போதுதான் மனைவி ஞாபகம் வந்தது.

அந்த அம்மாள் ஒரு பெரிய ஹோட்டலில் அறைச் சோதனை அதிகாரி. ஆள் குள்ளம், கண் மட்டும் கழுகு. பணியாள் கூட்டித் துடைத்து விரித்து வைத்த அறைக்குள் போய், விருந்தாளி உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, படுக்கும் இடத்தில் படுத்து, விரலால் ஒரு தடவு தடவினால் போதும். அந்த அறையின் ஜாதகமே கைக்கு வந்துவிடும். உறவுக்காரர் வீட்டு சோபாவில் உட்கார்ந்த மாத்திரத்தில், 'பஞ்சை மாத்தினாங்க, ஸ்பிரிங்கை மாத்தலை' என்று காதோடு சொல்லக்கூடியவள்.

நேரடியாகக் கேட்டால் கொட்டியிருப்பாள். ஆனால் கேட்க முடியாதபடி புலியே தன் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டிருந்தார். போன வாரம் மாமனார் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், புதுக் காரின் மெத்தை சரியில்லை என்று அவள் ஏதோ சொல்லப்போக, மச்சான் முன்னிலையில் புலி மார்தட்டிவிட்டார்.

"கார்னா என்ஜின்! உள்ள மெத்தை எப்படி, உறை எப்படின்னு பார்க்க அது என்ன உங்க ஹோட்டல் ரூமா? தெரிஞ்சதைப் பத்திப் பேசணும்."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, "சரிங்க. இனிமே உங்க காரைப் பத்தி நான் ஒரு வார்த்தை பேசினா என்னை ஏன்னு கேளுங்க" என்றாள். அவள் கோபப்பட்டால் புலி பயப்பட மாட்டார். சிரித்தால்தான் பயப்படுவார்.

அதனால்தான் இந்தச் சபதம். அவளுக்கு ஒரு பலவீனம் உண்டு. கோணலாகப் போட்ட தலையணையைப் பார்த்துவிட்டுச் சும்மா போக அவளால் முடியாது. மட்டமான ஒன்றை 'ஆகா, ஓகோ' என்று புகழ்ந்தால் போதும், பொறுக்கமாட்டாமல் உண்மையைக் கொட்டிவிடுவாள். அவள் கொட்டக் கொட்ட அள்ளிக்கொள்வது. இதுதான் புலி போட்ட திட்டம். நம்ம மூளையே மூளை என்று கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டார்.

அவளுக்கு விடுமுறை நாள். ஓட்டிப் பார்க்க எடுத்து வந்த சிவப்புக் கார் வீட்டு வாசலில் நின்றது.

"ஏம்மா, சும்மா ஒரு சுத்து போயிட்டு வரலாமா? நாம ரெண்டு பேரும் வெளியே போய் எவ்வளவு நாளாச்சு!"

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். ஏற இறங்கப் பார்க்க அவளுக்குச் சற்று நேரம் பிடிக்கும். பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு வந்து ஏறினாள்.

தெரு திரும்பியதும் புலி தூண்டிலைப் போட்டார்.

"என்ன அருமையான சீட்டு! மெத்துன்னு இருக்குல்ல?"

அவள் ஜன்னல் வழியே வெளியே பார்த்தாள்.

"இந்தக் கதவைப் பாரேன். பட்டு மாதிரி!"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கை மட்டும் கதவில் ஊர்ந்தது.

"இந்த மாதிரி வேலைப்பாடு உங்க ஹோட்டல்லகூட கிடையாது."

"என்னது?" அணை உடைந்தது. "கண்ணு பாக்குற இடத்துல பட்டு, கை தொடுற இடத்துல தகர டப்பா! இந்தக் கைப்பிடிக்கு உள்பக்கம் விரலை விட்டுப் பாருங்க, சொரசொரன்னு பிசிறு. மேல தெரியற தையல் நேரா இருக்கு, முழங்கால் பக்கம் நூல் வளைஞ்சு வளைஞ்சு போகுது. பொத்தானை அமுக்கினா மேளம் மாதிரி அதிருது. மூடி வச்சா பசை வாசனை. இதைப் போய்..."

"ஒரு நிமிஷம்மா, டயர்ல காத்துப் பாத்துட்டு வந்துடறேன்."

பெட்ரோல் பங்கில் காரை நிறுத்தி, பின்டயருக்குப் பக்கத்தில் குனிந்துகொண்டு, கைப்பேசியில் ஒரு சொல் விடாமல் முணுமுணுத்துப் பதிவு செய்தார் புலி. காற்றடிக்கிற ஆள், டயரோடு பேசுகிற மனிதரை இரக்கத்தோடு பார்த்தான்.

திரும்பி ஏறிக் கொஞ்ச தூரம் போனதும், சிக்னலில் நிற்கும்போது, "ஐயோ, என் தோடு!" என்றாள் அவள்.

தோடு அவள் சீட்டுக்கும், இரண்டு சீட்டுக்கும் நடுவில் இருக்கும் பெட்டிக்கும் இடையில் இருந்த சந்தில் விழுந்திருந்தது. வீரம் காட்ட இதைவிட நல்ல நேரம் ஏது? புலி தன் நீண்ட கையைச் சந்துக்குள் விட்டார். கை போயிற்று. தோடும் விரலில் பட்டது. ஆனால் கை திரும்பி வரவில்லை.

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் கச்சேரி தொடங்கியது. ஒரு பஸ் டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டி, "பறக்கிற காரை வாங்கிட்டுப் படுத்துத் தூங்குறான் பாரு!" என்று கத்தினார். உலகத்திலேயே வேகமான கார்களில் ஒன்று, ஓட்டுகிறவரின் கையைக் கவ்விக்கொண்டு நடுரோட்டில் நின்றது.

அவள் பதறவில்லை. கைப்பையிலிருந்து கிரீமை எடுத்து அவர் மணிக்கட்டில் தடவி, கையை உருவி விட்டாள். சீப்பின் காம்பால் தோட்டைத் தூக்கி எடுத்தாள்.

"எங்க ஹோட்டல்ல ஒரு ரூமை பாஸ் பண்றதுக்கு முன்னாடி, ஏதாவது ஒண்ணைக் கீழே போட்டுப் பாப்பேன். விழுந்தது கைக்கு வரணும். வரலைன்னா ரூம் ஃபெயில்."

"அப்படியா! இரும்மா, முன்டயர்லயும் காத்துப் பாத்துடறேன்."

சாயங்காலம் நீலக் கார். புலிக்கு இப்போது கை பழகிவிட்டது.

"இது சுத்த மோசம். மினுமினுப்பே இல்லை" என்று இவர் எடுத்துக் கொடுத்தார்.

"உங்களுக்கு மினுக்கினாத்தான் நல்லது! இந்தப் பெட்டி மூடியைப் பாருங்க, விட்டதும் தானா மெதுவா மூடுது. நல்ல அலமாரி இப்படித்தான் மூடும். சீட்டுக்கு அடியில தடவினேன், அங்கயும் தையல் ஒழுங்கா இருக்கு. யாரும் பாக்காத இடத்துல ஒழுங்கா தைச்சவன் மத்த இடத்துலயும் ஒழுங்காத்தான் தைச்சிருப்பான்." தோட்டைக் கழற்றிச் சந்தில் போட்டாள். அது ஒரு சின்ன விளிம்பில் தங்கி, இரண்டு விரலுக்கு வாகாக வந்தது. "பாஸ்!"

"குறையே இல்லையா?"

"ஏன் இல்லை? கண்ணாடியில உதட்டுச்சாயம் ஊதாவாத் தெரியுது. கைப்பையை வைக்க இடமே இல்லை. அப்புறம், கீழே கால் வைக்க ஒரு சரிவுப் பலகை இருக்கு பாருங்க, சீட்டை முழுசா முன்னாடி இழுத்தும் என் கால் அதுக்கு எட்டலை. அழகு இருந்து என்ன, கால் தொங்குனா முதுகு வலிக்காதா? இதான் பெரிய குறை. இதைத்தான் முக்கியமாச் சொல்லணும்."

புலி காரை ஓரம் கட்டினார்.

"என்னங்க, மறுபடியும் காத்தா?"

"ஆமாம்மா. டயர் விஷயத்துல அலட்சியம் கூடாது."

"நல்லாப் பாருங்க" என்று சொல்லிவிட்டு அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியதைப் புலி பார்க்கவில்லை. அவர் டயரோடு பேசிக்கொண்டிருந்தார்.

மறுநாள் எழுதி முடித்தார். புலி ஒன்றும் மடையர் அல்ல. துப்புத் துலங்குகிற இடங்களை எல்லாம் கவனமாக அகற்றினார். தோட்டைச் சாவியாக்கினார். உதட்டுச்சாயத்தை வெட்டினார். கைப்பையைக் கேமராப் பையாக்கினார். முக்கியமாகச் சொல்லவேண்டிய பெரிய குறையை மட்டும், எதையும் வெட்டாமல், தடித்த எழுத்தில் போட்டார். படித்துப் பார்த்தபோது அவருக்கே உடம்பு சிலிர்த்தது. எப்பேர்ப்பட்ட எழுத்து! 'யாரும் பார்க்காத இடத்தில் ஒழுங்காகத் தைத்தவன்' என்ற வரியை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தார்.

ஆசிரியரம்மாவும் படித்தார். படிக்கப் படிக்க முகம் மலர்ந்தது.

"புலி! பிரமாதம்! இத்தனை நாளா இந்தக் கண்ணை எங்கே வச்சிருந்தீங்க?"

"அது... உள்ளேயே இருந்தது மேடம்" என்று அடக்கமாகச் சொன்னார் புலி.

கடைசிப் பத்திக்கு வந்ததும் ஆசிரியரம்மா நிறுத்தினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார்.

"'சீட்டை முழுவதும் முன்னால் இழுத்தும் என் கால் பலகைக்கு எட்டவில்லை. கால் தொங்கியதில் முதுகு வலித்தது.'"

ஆசிரியரம்மாவின் பார்வை மெல்லக் கீழே இறங்கியது. மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த புலியின் கால்கள் மேஜையைத் தாண்டி, ஆசிரியரம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றிருந்தன.

"இந்தக் காலா புலி எட்டலை?"

புலி காலை மடக்கப் பார்த்தார். மேஜைதான் குலுங்கியது.

"அது வந்து மேடம்... குள்ளமான வாசகர் நிலையிலிருந்து..."

"யார் அந்தக் குள்ளமான வாசகர்?"

இனி மறைத்து என்ன பயன்? பூனைக்குட்டி வெளியே வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்தவர் நேரே சமையலறை வாசலில் போய் நின்றார். நிலைப்படி வழக்கம்போல் நெற்றியில் இடித்தது.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"முதல் டயர்லயே தெரியும்." அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. "என்ஜின் எண்ணெயையே நாலு மாசத்துக்கு ஒரு தடவை பாக்குற மனுஷன் வழியெல்லாம் இறங்கி இறங்கிக் காத்துப் பாத்தா எவளுக்குத்தான் தெரியாது?"

"அப்போ அந்தக் கால்?"

"தோட்டை எடுத்துடுவீங்க, கைப்பையை மாத்திடுவீங்கன்னு தெரியும். பெரிய குறை, முக்கியமாச் சொல்லணும்னு சொன்னா அதை மட்டும் அப்படியே போட்டுடுவீங்கன்னும் தெரியும். நான் பொய் ஒண்ணும் சொல்லலைங்க. என் கால் நிஜமாவே எட்டலை."

புலிக்குக் கோபம் வரவேண்டிய இடம் அது. ஆனால் வந்தது சிரிப்பு. சந்துக்குள் கை மாட்டிக்கொண்டு நின்றது ஞாபகம் வந்தது. அவளும் சிரித்தாள். இருவரும் வெங்காயத்தைச் சாக்காக வைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இப்படி ஒருத்தியைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு மாமனார் வீட்டில் மார்தட்டினோமே என்று புலிக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

"தப்புதாம்மா. ஆசிரியரம்மா உன்னைப் பாக்கணுங்கிறாங்க" என்றார்.

"தெரியும். போன்ல பேசினாங்க. நானும் ஒத்துக்கிட்டேன்."

"எதுக்கு?"

"அடுத்த இதழ் வரும்ல, பாருங்க."

அடுத்த இதழ் வந்தது. பக்கம் போட்டோக்காரருக்குப் போகவில்லை, வீட்டுக்குள்ளேயே தங்கிவிட்டது. உச்சியில் அவள் பெயர் இருந்தது. பக்கத்தில் அவள் படம், கழுகுக் கண்ணோடு. பக்கத்தின் அடியில், பூதக்கண்ணாடிக்கு மட்டுமே தெரிகிற எழுத்தில், 'கார் ஓட்டியவர்: வேகப்புலி' என்று போட்டிருந்தது. மச்சான் அதைத்தான் முதலில் கண்டுபிடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு அனுப்பி வைத்தான்.

அதற்கடுத்த மாதம் ஒரு மஞ்சள் கார் வந்தது. காற்றைக் கிழிக்கிற கார். ஊருக்கு வெளியே நீண்ட, நேரான, காலியான சாலை. பக்கத்து சீட்டில் மனைவி, மடியில் நோட்டு, கையில் பேனா. புலியின் ரத்தம் சூடேறியது. ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தார். என்ஜின் உறுமியது. இதோ பாயப்போகிறோம் என்று காலை அழுத்தினார்.

"ஏங்க, கொஞ்சம் மெதுவா ஓட்டுங்க. எழுத்துக் கோணுது."