இஞ்சின் அதே இஞ்சின்தானா என்று கேட்டிருந்தீர்கள்

ஸஹ்லே,
ஜூன் 1998

பேரன்பும் பெருமதிப்பும் மிக்க மைத்துனர் நஸீப் அவர்களின் சமூகத்துக்கு,

தங்கள் தங்கை ஓல்காவின் கணவன் ஷுக்ரி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே எங்கள் இருவர் உடம்பும் வயதுக்கு ஏற்றபடி ஒத்துழைத்து வருகின்றன. சாவ் பாவ்லோவில் தங்கள் உடம்பும், தங்கள் துணைவியார் உடம்பும் அவ்விதமே சொன்ன பேச்சைக் கேட்டு நடக்கும் என்று நம்புகிறேன்.

தாங்கள் ஊரைவிட்டுக் கப்பலேறியபோது எங்கள் வீட்டு நிலவறையில் விட்டுச் சென்ற, இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, கூரை மடக்கும், இஞ்சின் பின்பக்கம் உள்ள சிவப்பு இத்தாலிய வண்டியை (இனி மேற்படி வண்டி) பெய்ரூட்டில் பழைய கார்கள் சேகரிக்கும் கனவான் ஒருவர் வாங்கிக்கொள்ளச் சம்மதித்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். மகிழ்ச்சி. கடைசியில், "எல்லாம் பழையபடி இருக்கிறதல்லவா? இஞ்சின் அதே இஞ்சின்தானே?" என்று ஒரு வரி கேட்டிருந்தீர்கள். அந்த ஒரு வரிக்குப் பதில்தான் இந்தக் கடிதம். உட்கார்ந்துகொண்டு படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஓல்காவுக்கு இலையுதிர் காலத்தில் வயிற்றில் கட்டி எடுத்தது தங்களுக்குத் தெரியும். கட்டி போய்விட்டது, இனிப் பயமில்லை என்று டாக்டர் சொன்னதையும் எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு நடந்ததை எழுதவில்லை. எழுத ஒன்றும் நடக்கவில்லை, அதுதான் விஷயம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். கோயிலுக்குப் போவோமா என்றால் "எதுக்கு?" என்பாள். சூப் ஆறிப்போகுது என்றால் "எதுக்கு?" என்பாள். கடை வீதியில் போகிறவனைக் கூப்பிட்டுத் தக்காளி விலைக்குச் சண்டை பிடிக்கிற ஓல்கா, மச்சான், அவள் நாலு ஸ்பூன் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளிவைத்தாள். நான் முப்பது வருஷம் நோட்டரி அலுவலகத்தில் பத்திரம் எழுதியவன். யாருக்கு என்ன சேரவேண்டும் என்று எழுதத் தெரியுமே ஒழிய, ஒரு மனுஷியை நாற்காலியிலிருந்து எழுப்ப எனக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் தங்கள் கடிதம் வந்தது. சத்தமாகப் படித்தேன். அவள் எழுந்து, வீட்டுச் செருப்போடு படியிறங்கி, நிலவறைக்குப் போய், மேற்படி வண்டியின் மேலிருந்த துணியை உருவிப்போட்டுவிட்டு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். விடைபெறுகிறாள் என்று நினைத்து நான் கொஞ்சம் தள்ளி மரியாதையாக நின்றேன். "சாவி எங்க?" என்றாள்.

புது பேட்டரி போட்டோம். பத்து வருஷமாக யாரும் ஓட்டாத வண்டி, ஒரு தும்மல் தும்மிவிட்டுக் கிளம்பியது. ஐன் லவ்ஸா மலைப்பாதையில் ஏறிப் பார்க்கவேண்டும் என்றாள். தாங்கள் இளமையில் அந்தப் பாதையில் நடந்த மலையேற்றப் பந்தயத்தில் இதே வண்டியை ஓட்டிக் கடைசியாக வந்ததும், இஞ்சினில் சக்தி போதாது என்று இன்றுவரை சொல்லிவருவதும் எனக்குத் தெரியும். ஓல்காவின் கருத்து வேறு. அதை இங்கே எழுதி நம் உறவைக் கெடுத்துக்கொள்ள விரும்பவில்லை.

ஆனால் தாங்கள் சொன்னதே சரி, மச்சான். ஆட்டுக்கழுத்து வளைவு வரைக்கும் வந்த வண்டி அங்கே மூச்சு வாங்கி நின்றது. பின்னால் உருளைக்கிழங்கு லாரி ஒன்று ஹார்ன் அடித்தது. "இறங்கு ஷுக்ரி" என்றாள் ஓல்கா. இறங்கினேன். நான் இறங்கியதும் வண்டி ஏறியது. நான் தொப்பியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன். லாரிக்காரன் என் பக்கத்தில் மெதுவாக வந்து தலையை வெளியே நீட்டினான்.

"மாமா, நீங்க மேல வாங்க, நான் ஏத்திக்கறேன். உங்க வீட்டுக்காரம்மாவோட தகர டப்பாவையும் கிழங்கு மூட்டை மேல போட்டுக்கலாம்!" என்றான். பிறகு முன்னால் போய் ஓல்காவிடம், "அக்கா, இத வித்துட்டு ஒரு கழுத வாங்குங்க. அது மலையும் ஏறும், ரெண்டு பேரையும் சொமக்கும்!" என்று கத்திவிட்டுத் தாண்டிப் போனான்.

ஓல்காவின் முகம் சிவந்தது. அவன் அம்மாவையும் அவன் கிழங்கையும் குறித்து அவள் சொன்னவற்றை நான் எழுதமாட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு அவளுக்கு வந்த முதல் கோபம் அது. அன்று மாலை நான் கோயிலுக்குப் போய், என்னவென்று பாதிரியாரிடம் சொல்லாமல், மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

மறுநாளே கரக் சாலையில் பட்டறை வைத்திருக்கும் மில்ஹிமிடம் போனோம். நல்ல மனிதர், நிறையப் பேசுவார். என் ஓய்வூதியம் லிராவின் மதிப்போடு சேர்ந்து மெலிந்ததையும், மிச்சத்தை ஆஸ்பத்திரி விழுங்கியதையும் முதலிலேயே சொல்லிவிட்டேன். "கவலப்படாதீங்க உஸ்தாத். சக்தி வேணும்னா காசு குடுத்து வாங்கணும். எடையக் கொறைக்கறதுக்குக் காசே வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டே என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். ஓல்காவும் பார்த்தாள். உபரிச் சக்கரம், பம்பர், ஹீட்டர், கால்மிதி, என் பக்கத்து இருக்கையின் மெத்தை எல்லாம் கழற்றப்பட்டன. வீட்டில் என் ரொட்டியும், இரவில் குடிக்கும் அரக் சாராயமும் பாதியாயின. நான் பலகைமேல் உட்கார்ந்து ஆட்டுக்கழுத்து வரை போய், அங்கே வழக்கம்போல இறங்கினேன்.

அடுத்து, சத்தத்தை அடக்கும் டப்பாவை எடுத்துவிட்டு நேரான குழாய் வைத்தால் இஞ்சின் தாராளமாக மூச்சுவிடும் என்றார் மில்ஹிம். மூச்சுவிட்டது. கோயில் ஊர்வலம் ஒன்றை நாங்கள் தாண்டிப் போனபோது கொடி பிடித்தவர்கள் சுவரோரம் ஒதுங்கினார்கள், யுத்தம் திரும்பிவிட்டதென்று ஒரு கிழவர் தரையில் படுத்துக்கொண்டார். நான் இறங்கி அவரைத் தூக்கிவிட்டு மன்னிப்புக் கேட்டேன். "எத்தன குதிர கூடியிருக்கு?" என்று ஓல்கா கேட்டாள். "காதுக்கு இருபது இருக்கும்க்கா" என்றார் மில்ஹிம். "சக்கரத்துக்கு?" "சக்கரத்துக்கு ஒண்ணு. அதுவும் நொண்டிக் குதிர." பிறகு பெரிய கார்புரேட்டர் ஒன்று வைத்தார். அது பெட்ரோலை அருந்தவில்லை, அதில் குளித்தது. என் இடது புருவம் கருகிப்போனது அப்போதுதான். வளர்ந்து வருகிறது, கவலை வேண்டாம்.

இதற்குள் ஓல்கா பட்டறைக்கு என்னை எதிர்பார்க்காமல் தானே போக ஆரம்பித்திருந்தாள். நகத்துக்குள் கறுப்பு எண்ணெயோடு வீட்டுக்கு வருவாள். சாப்பாட்டு மேஜையில் வால்வைப் பற்றிப் பேசுவாள். எனக்கு ஒன்றும் புரியாது. ஆனாலும் நிறுத்திவிடுவாளோ என்ற பயத்தில் கேள்விமேல் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது தாங்கள் கேட்ட வரிக்கு வருகிறேன். அதே இத்தாலிக்காரன் செய்த நாலு கதவுக் கார் ஒன்று ஷ்தூராவில் கம்பத்தில் மோதி முகம் நசுங்கிக் கிடந்தது. அதன் இஞ்சின் நம்முடையதற்கு அண்ணன் முறை, அளவிலும் சக்தியிலும் பெரியது, வண்டிக்குள் கச்சிதமாக உட்காரும் என்றார் மில்ஹிம். எங்களிடம் காசில்லை. ஆகையால் தங்கள் தகப்பனார் அரக் சாராயம் வடித்த செப்புக் கலத்தை அதற்கு ஈடாகக் கொடுத்தோம். இதை நான் தனிக் கடிதமாக எழுதியிருக்க வேண்டும். தங்கள் பழைய இஞ்சினைப் பத்திரமாகப் போர்வையில் சுற்றி வைக்கச் சொல்லியிருந்தேன். மில்ஹிம் அதைத் தன் மச்சினனுக்குக் கொடுத்துவிட்டார். அது தற்போது பர் எலியாஸில் ஒரு உருளைக்கிழங்கு வயலுக்குத் தண்ணீர் இறைக்கிறது. மிக நன்றாக இறைப்பதாகச் சொல்கிறார்கள்.

புது இஞ்சினைப் பூட்டிய அன்று பட்டறைக்காரர்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். ஓல்கா தலைக்குத் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். இஞ்சின் உறுமியது, மச்சான், அந்தச் சத்தத்தில் எனக்கே முதுகு நிமிர்ந்தது. அவள் முதல் கியரைப் போட்டு, முன்னால் வாசலைப் பார்த்து, கிளட்சை விட்டாள். வண்டி பின்னால் பாய்ந்து டயர் குவியலுக்குள் போய் நின்றது. "ரிவர்ஸ்ல போட்டுட்டீங்கக்கா" என்றார் மில்ஹிம். "முதல் கியர்டா இது!" என்றாள் ஓல்கா. இரண்டாவதைப் போட்டாள். இன்னும் வேகமாகப் பின்னால் போனது. மில்ஹிம் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்து, முழுதும் பிடித்து முடித்தார். 

"அது முன்பக்கம் இஞ்சின் இருந்த வண்டி. அதனால இது எதிர்ப்பக்கமாச் சுத்துற இஞ்சின்" என்றார் கடைசியில். அதாவது, நாலு கியரும் பின்னால் போகும். பின்னால் போவதற்கென்று இருந்த ஒரே கியர் முன்னால் போகும். சரிசெய்ய வேண்டுமென்றால் கியர்பெட்டியைத் திறந்து உள்ளே இருக்கும் பெரிய பல்சக்கரத்தைத் திருப்பி வைக்கவேண்டும், அதற்கு வேண்டிய சாமான் பெய்ரூட்டிலிருந்து வரவேண்டும்.

நான் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். எல்லாம் முடிந்தது, இனி அவள் ஜன்னலோரம் போய் உட்கார்ந்துவிடுவாள் என்று நினைத்தேன். ஓல்கா வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தாள்.

"மலைக்குத் தெரியுமா ஷுக்ரி, எது முன்பக்கம் எது பின்பக்கம்னு?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கிளம்பினோம். மலையடிவாரத்தில் வண்டியைத் திருப்பி, பின்புறத்தை மலைக்குக் காட்டி நிறுத்தினாள். நான் பலகைமேல் பின்னோக்கி முழங்காலிட்டு, வழி பார்த்துச் சொல்லும் பொறுப்பை ஏற்றேன். நாலு கியர் இருந்தது, நம்பிக்கையும் இருந்தது, எது வலது என்பதில்தான் ஒற்றுமை இல்லை.

"வலது! வலது!"

"யாருக்கு வலது?"

"எனக்கு!"

"உன் வலத வெச்சுட்டு நான் என்ன பண்ண? கைய நீட்டிக் காட்டு!"

சோதனைச் சாவடியில் சிப்பாய் துப்பாக்கியைத் தோளில் சரிசெய்துகொண்டு வந்தான். என் முகத்தையும், வண்டியின் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தான். "ஏன் பின்னாடி போறீங்க?" என்றான்.

"பின்னாடி போகல தம்பி. மேல போறோம்" என்றாள் ஓல்கா.

அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு வழிவிட்டான். ஆட்டுக்கழுத்துக்குக் கீழே அதே உருளைக்கிழங்கு லாரி உறுமிக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தது. நான் வேண்டாம் என்றேன். "உன்ன வழியத்தான் பாக்கச் சொன்னேன்" என்றாள். மூன்றாம் கியரைப் போட்டாள். பின்பக்கமாகவே போய் அந்த லாரியைத் தாண்டினோம், மச்சான். தாண்டியபின் எங்கள் வண்டியின் மூக்கும் லாரியின் மூக்கும் நேருக்கு நேர். அந்த மனிதன் வளைவு முழுக்க ஓல்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே வரவேண்டியிருந்தது. அவன் வாயில் சிகரெட் இருந்தது, பிறகு இல்லை. அவள் ஒரு கையை எடுத்து அவனுக்கு மரியாதையாக வணக்கம் சொன்னாள். வளைவில் நான் இறங்கவில்லை. வண்டி என்னையும் சுமந்துகொண்டு ஏறியது. நான் கண்ணைத் திறந்துவைத்திருந்தேன் என்று சத்தியம் செய்யமாட்டேன்.

ஐன் லவ்ஸா ஊற்றருகே நிறுத்தினாள். இஞ்சினை அணைத்தபின் காதில் வெறும் தண்ணீர்ச் சத்தம். அவள் முகத்தில் நிறம் இருந்தது. எதிரில் சாஜ் அடுப்பில் ரொட்டி போடும் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தவள், "ஷுக்ரி, பசிக்குது" என்றாள். ஸஅத்தர் மூலிகைப் பொடி தடவிய ரொட்டி வாங்கிக் கொடுத்தேன். சாப்பிட்டாள். இன்னொன்று சாப்பிட்டாள். பிறகு என் கையிலிருந்ததையும் வாங்கிச் சாப்பிட்டாள். அந்த ரொட்டிக்காரப் பெண், கணவனைப் பட்டினி போடுகிறாளே என்று ஓல்காவை முறைத்துப் பார்த்தாள். நான் அந்தப் பக்கம் திரும்பி மலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன், கொஞ்ச நேரம்.

ஆனாலும் வண்டி தங்களுடையது. வீட்டுக்கு வந்தபின் விற்பனையைப் பற்றி நினைவூட்டினேன். "அண்ணன் வண்டி. அண்ணன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். பத்திரம் எழுதியவன் நான், அடுத்தவர் சொத்தில் எனக்கு உரிமை இல்லையென்று அறிவேன். எனவே இதன்மூலம் உறுதி கூறுகிறேன்: கிழங்கு அறுவடை முடிந்ததும் பழைய இஞ்சின் வயலிலிருந்து கொண்டுவரப்படும், பம்பரும் ஹீட்டரும் மெத்தையும் அதனதன் இடத்தில் வைக்கப்படும், செப்புக் கலம் மீட்கப்படும், ஓல்கா இனி மேற்படி வண்டியை ஓட்டமாட்டாள். பெய்ரூட் கனவான் ஜூலைக் கடைசியில் தாராளமாக வந்து வண்டியை எடுத்துச் செல்லலாம்.

தங்கள் குடும்பத்தார் அனைவருக்கும் எங்கள் அன்பு. ஆண்டவன் தங்களுக்கு நீண்ட ஆயுளையும், இந்தக் கடிதத்தை மன்னிக்கும் மனதையும் அருள்வானாக.

இப்படிக்கு, என்றும் தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
ஷுக்ரி

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் பெய்ரூட் கனவான் வந்துவிட்டார். பால்பெக் போகும் வழியாம், ஜூலை வரை பொறுக்க முடியவில்லையாம். வெள்ளை உடுப்பு, நல்ல காலணி. வண்டி ஓடுமா என்று ஓல்காவிடம் கேட்டார். ஏறி உட்காருங்கள், காட்டுகிறேன் என்றாள். காலை பத்து மணிக்கு மலைப்பக்கம் புறப்பட்டார்கள். கனவான் இப்போதுதான் வந்தார், தனியாக, நடந்து. தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். வண்டி வேண்டாம் என்று தங்களுக்கு எழுதச் சொன்னார். ஆகவே மேலே கண்ட உறுதிமொழிகள் எதையும் தாங்கள் பொருட்படுத்த வேண்டியதில்லை, வயலில் இருக்கும் இஞ்சின் வயலிலேயே இருக்கட்டும். ஓல்காவிடமிருந்து அவர் ஒரு செய்தி கொண்டுவந்தார்: மேலே ஊற்றருகே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாளாம், மதியச் சாப்பாட்டுக்கு அவளுக்காகக் காத்திருக்க வேண்டாமாம்.