குறித்த நாளுக்கு முன்பே முடிந்த பாலம்

உலகத்தில் எத்தனையோ பாலங்கள் உண்டு. ஆனால் ஆற்றங்கரைப் பக்கமே போகாமல், மேஜை முன்னால் உட்கார்ந்தபடி கட்டி முடிக்கப்பட்ட பாலம் எங்கள் பிறை ஆற்றுப் பாலம் ஒன்றுதான். ஆறு கடலுக்கு அந்தப் பக்கம். எங்கள் அலுவலகமோ தீவில், ஜார்ஜ் டவுனில். எட்ட இருந்து பார்த்தால்தான் வேலை முழுதாகத் தெரியும் என்பது தலைமைக் கிளார்க் கனகசுந்தரத்தின் கொள்கை. நான் அவருக்குக் கீழே டைப் அடித்தவன். எனக்கும் அதே கொள்கைதான்.

சண்டை வந்து வெள்ளைக்காரன் ஓடும்போது பழைய பாலத்தை உடைத்துவிட்டு ஓடினான். ஜப்பான்காரன் வந்து, பட்டர்வொர்த்தையும் பிறையையும் மரப்பாலத்தால் இணைக்கச் சொன்னான். நாங்கள் ஊண் உறக்கமில்லாமல் கூட்டம் கூட்டி 'மகா கிழக்காசிய ஒற்றுமைப் பாலம்' என்று பெயர் வைத்தோம். மரம் அறுப்பது, கழுத்தளவு தண்ணீரில் நின்று தூண் நடுவது போன்ற சில்லறை வேலைகளை ரப்பர் தோட்டத்து ஆட்களிடம் விட்டோம்.

ஒருநாள் அவர்களை மேய்க்கும் மண்டோர் நாகூர் மீரான் ஃபெரி ஏறி வந்து நின்றார்.

"ஐயா, வேலைய கொஞ்சம் மெதுவா பண்ணலாம்லா. பாலம் முடிஞ்சா ஆளுங்கள அப்படியே ஜப்பான்காரன் காட்டுக்குள்ள போடுற சயாம் ரயில் ரோட்டுக்கு ஏத்திடுவாங்களாம்."

கனகசுந்தரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மீரான், என் சர்வீஸ்ல ஒரு வேலையும் பெண்டிங் வச்சதில்ல."

"அங்க போனா செத்துருவாங்க ஐயா."

"அது வேற டிப்பார்ட்மெண்ட்."

என்ன தெளிவு, என்ன நிர்வாகம். எனக்கு மெய் சிலிர்த்தது.

பாலம் ஒரு மாதம் முன்னதாகவே முடிந்தது. திறப்பு விழா காலை ஏழரைக்கு. கடிகாரங்களை டோக்கியோ நேரத்துக்கு மாற்றி வைத்திருந்ததால் ஊரில் இன்னும் விடியவில்லை. பாலத்தின் நடுவில் நின்று சக்கரவர்த்தி இருக்கும் கிழக்குத் திசைக்கு எல்லாரும் குனிந்தோம். அந்தப் பக்கம் கைப்பிடி போட மறந்திருந்தார்கள். மற்றவர்களைவிட அதிகமாகக் குனிந்தவர் கனகசுந்தரம். தொபீர் என்று சத்தம் கேட்டது. மீரானும் ஆட்களும் ஆற்றில் குதித்து அவரைத் தூக்கிவந்தார்கள். சொட்டச் சொட்ட நின்று பாராட்டுப் பத்திரம் வாங்கினார்.

அன்று மத்தியானமே லாரிகள் வந்தன. பாலத்தில் முதல் சவாரி, கட்டியவர்களுக்கே. நேராகப் பிறை ஸ்டேஷன், அங்கிருந்து சயாம்.

"நீ மண்டோர், நீ நில்லு" என்றார் கனகசுந்தரம்.

"நான் கூட்டிவந்த ஆளுங்க ஐயா. தனியா எப்படி விடுறது?" என்று மீரானும் ஏறிக்கொண்டார்.

சண்டை முடிந்து வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். கூட்டத்தில், "இந்தப் பாலத்தைக் கட்டியது யார்?" என்று கேட்டான்.

கனகசுந்தரம் எழுந்தார். "நான்தான், சார்."

கை தட்டினோம். ஒருவர்கூட மறுத்துச் சொல்லவில்லை. மறுக்க வேண்டியவர்களில் ஒருவனும் சயாமிலிருந்து திரும்பி வரவில்லை.