எருமை காருக்குப் பூச்சு போட்ட கதை

ஒரு காட்டில், குளத்துக்குப் போகும் சாலையோரம், ஒரு கிழட்டு எருமை இருந்தது. ‘முதிய எருமை’ என்று கொஞ்சம் மரியாதையாகச் சொல்லலாம்தான். ஆனால் அந்த எருமை நானே என்பதால் மரியாதையை மிச்சம் பிடிக்கிறேன்.

இருபது வருடமாக என் முதுகில் ஓர் உண்ணிக்கொக்கு உட்கார்ந்து வந்தாள். பெயர் வெள்ளையம்மா. நான் மேய்வேன், அவள் உண்ணி பொறுக்குவாள், இருவரும் ஊர் வம்பு பேசுவோம். முழங்கால் தேய்ந்த பிறகு நான் ஒரு கறுப்புக் கார் வாங்கினேன். எருமை காருக்குள் எப்படி உட்கார்ந்தது என்று கேட்காதீர்கள், கதையில் உட்காரும். நான் உள்ளே போய்விட்டதால் வெள்ளையம்மா பானட்டின் மேல் உட்கார்ந்துகொண்டாள். காற்றில் அவள் இறகு ஒரு பக்கமாகச் சாய, தினமும் குளத்துக்குப் போய்வந்தோம்.

அவள் உட்கார்ந்த இடத்தில் எச்சமும் இருந்தது. இருபது வருடம் அதை என் முதுகில் சுமந்தபோது நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கார் மேல் விழுந்ததும் மனம் வலித்தது. சேற்றில் புரண்டு வளர்ந்தவளுக்குப் பளபளப்பின் மேல் அப்படி ஓர் ஆசை.

கீரி ஒருவன் கார் கழுவும் கடை வைத்திருந்தான்.

“சீலன்ட் பூச்சு போட்டுடலாம் பெரியம்மா. ஒரு கோட்டு போதும். ஆறு மாசத்துக்கு எதுவும் ஒட்டாது.”

ஒரு படிவம் நீட்டினான். ‘வண்டியின் மேல் வழக்கமாக விழுபவை’ என்ற இடத்தில் தூசி, பிசின், எச்சம், மற்றவை என்று கட்டங்கள். நான் எச்சத்தில் டிக் அடித்தேன். வெள்ளையம்மா வேலிமேல் இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை.

கீரி காரைக் கழுவினான். நிழலில் நிறுத்தி, பூச்சை மெல்லிசாகத் தடவினான். பனி படிந்த மாதிரி வெளுத்ததும் துணியால் துடைத்தான். பன்னிரண்டு மணி நேரம் யாரும் தொடக் கூடாது என்றான். மறுநாள் காலை தண்ணீர் தெளித்துக் காட்டினான். தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டு, நிற்க மனமில்லாமல் ஓடியது. என் மேல் மழை பெய்வதைப் பற்றி ஊரில் ஏற்கெனவே ஒரு பேச்சு உண்டு. காரும் என்னைப் போலவே ஆகிவிட்டதே என்று பெருமைப்பட்டேன்.

வெள்ளையம்மா பறந்து வந்து பானட்டில் இறங்கினாள். ஒரு கால் கிழக்கே போனது, ஒரு கால் மேற்கே. நடுவில் இருந்தவள் நம்பர் பலகையைத் தாண்டித் தரையில் விழுந்தாள்.

“பாட்டி, இன்னொரு தடவை,” என்றது மரத்தில் இருந்த குரங்கு.

அவள் எழுந்து இறகை மடித்துக்கொண்டாள். “எத்தனை மாசம்னு சொன்னான்?”

“ஆறு.”

“சரி. ஆறு மாசம் கழிச்சு வரேன்.”

எங்கள் வயதில் ஆறு மாதத்துக்கு உத்தரவாதம் இருந்தது சீலன்டுக்கு மட்டும்தான்.

நாலு நாள் தாங்கினேன். பானட்டில் வானம் தெரிந்தது, மேகம் தெரிந்தது, குனிந்தால் என் மூக்கு தெரிந்தது. ஐந்தாம் நாள் கடைக்குப் போனேன்.

“எடுத்துடு.”

“எதை, பெரியம்மா?”

“போட்டதை.”

“போட வர்றவங்களத்தான் பாத்திருக்கேன்,” என்று கீரி இன்னொரு படிவத்தைத் தேடி எடுத்தான். ‘நீக்கக் காரணம்’ என்று இருந்தது. ‘கொக்கு’ என்று எழுதினேன். காரணம் தெளிவாக இல்லை என்று திருப்பிக் கொடுத்தான். ‘கொக்கு இல்லை’ என்று எழுதினேன். வாங்கிக்கொண்டான்.

பூச்சு லேசில் போகவில்லை. பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவினோம். தண்ணீர் முத்தாகவே நின்றது. ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்தோம். முத்து கொஞ்சம் தட்டையானது. இனி மெஷின் வைத்துத்தான் தேய்க்க வேண்டும், அதையும் மெதுவாகத் தேய்க்க வேண்டும் என்றான் கீரி. எனக்கு அவசரம். மெஷினைப் பிடுங்கி மூன்று நாள் நானே தேய்த்தேன். எருமை பலத்தில் பூச்சு போனது. பூச்சோடு பெயிண்டும் போனது. தண்ணீர் ஊற்றினால் சோம்பலாகப் படர்ந்து அங்கேயே கிடந்தது. கறுப்புக் கார், வெயிலில் சேறு காய்ந்த என் முதுகைப் போல் சாம்பல் பூத்து நின்றது.

குளத்துக்கு ஓட்டினேன். அங்கே காட்டுப்பன்றியின் கார் நின்றிருந்தது. அதே கீரி, அதே பூச்சு. பன்றி கதவில் முகம் பார்த்து மீசையை ஒதுக்கிக்கொண்டிருந்தார். பானட்டின் மேல் வெள்ளையம்மா, வசதியாக.

“வழுக்கலையாடி?” என்றேன்.

“முதல்ல வழுக்குச்சு. இவர் ஒரு சாக்கை விரிச்சார்.”

அவள் காலடியில் ஒரு பழைய கோணிச்சாக்கு.

“எச்சத்துக்கும் ஆச்சு,” என்றார் பன்றி. “உதறிப் போட்டா முடிஞ்சது.”

வெள்ளையம்மா என் காரைப் பார்த்தாள். “இது என்னடி கோலம்?”

“நீ உட்காரணும்னு தேய்ச்சேன்.”

“எத்தனை நாள்?”

“மூணு.”

“உன் வீட்டுல தவிட்டுச் சாக்கு நாலு கிடக்குமேடி.”

“கிடக்கு. தோணலை.”

அவள் ரொம்ப நேரம் சிரித்தாள். பிறகு பறந்து வந்து என் பானட்டில் இறங்கினாள். கால் நின்றது. இரண்டடி நடந்து பார்த்தாள். வழக்கமான இடத்தில் எச்சமிட்டாள். கண்ணாடிக்கு உள்ளே எனக்குக் கண் கலங்கியது. அவளுக்காகவா, பெயிண்டுக்காகவா என்று இன்றுவரை தெரியவில்லை.

“ஏடி,” என்றாள் வெள்ளையம்மா, காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு. “ரொம்பச் சொரசொரப்பா இருக்கு. போற வழியில உன் வீட்டுல நிறுத்து. சாக்கு எடுத்துக்கலாம்.”

நீதி: உயிர்த்தோழிக்காக எதையும் இழக்கலாம், இழப்பதற்கு முன், வீட்டில் பழைய சாக்கு இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளவும்.